தனிக்கதை எபிசோடா, இழுபடும் தொடர்கதையா?

காலி வீதி:
கிழமைக்கு ஒரு கதை, அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிகிற நாடகங்கள் இனி வராது என்கிறார்கள். வராமல் போனது நல்லதுக்குத்தான் என்றும் சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில்தான் கோபம். கடைசியாக நீங்கள் பார்த்த எட்டு எபிசோட் தொடர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். முதலாவதில் பிணம், எட்டாவதில் கொலைகாரன், சரி. நாலாவதில் என்ன நடந்தது? யாரோ கார் ஓட்டியிருப்பார், யாரோ ஒரு பழைய போட்டோவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார், மழை பெய்திருக்கும். இரண்டு மணித்தியாலப் படத்துக்குக் காணுமான கதையை எட்டு மணித்தியாலத்துக்கு இழுத்துவிட்டு, இது நீளமான சினிமா என்று பேட்டி வேறு கொடுக்கிறார்கள்.

அமெரிக்க நாடகமான எக்ஸ் ஃபைல்ஸை எடுங்கள். 1993இல் தொடங்கியது. வேற்றுக்கிரகவாசிகள், அரசாங்கச் சதி, துப்பறிகிற முல்டரின் காணாமல் போன தங்கை என்று வருடக்கணக்கில் ஓடிய பெருங்கதை ஒன்று அதில் இருந்தது. அதோடு ஒட்டாமல் ஒரே எபிசோடில் முடிகிற பூதம், பிசாசு, விசர் பிடித்த விஞ்ஞானி கதைகளும் இருந்தன. 2002இல் முதல் ஓட்டம் முடிந்தபோது அந்தப் பெருங்கதையை ஒரு ஆளுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாத அளவுக்கு முடிச்சு விழுந்திருந்தது. தனிக்கதைகளை இன்றைக்கும் எந்த ஒழுங்கில் போட்டாலும் பார்க்கலாம். சின்ன ஓட்டைக்குள்ளால் உடம்பை நீட்டிப் புகுந்து ஈரலைத் தின்கிறவனை ஒருக்கால் பார்த்த ஆள் மறக்கமாட்டார்.

என் கட்சி இதுதான். கதை எவ்வளவு நீளமாகவும் போகட்டும், ஆனால் நான் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் அந்த மணித்தியாலத்துக்குள் ஏதாவது ஒன்று தொடங்கி முடிய வேண்டும்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அண்ணை, நீங்கள் நல்ல பத்து எபிசோடை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கதைக்கிறீர்கள். அந்தக் காலத்துத் தொடர் எதையாவது வரிசையாகப் போட்டுப் பாருங்கள், மூன்றாவதிலேயே அலுக்கும். இந்தக் கிழமை குண்டடி பட்டவன் அடுத்த கிழமை சிரித்துக்கொண்டு வேலைக்கு வருகிறான். காதலி செத்துப்போனாலும் சரி, அடுத்த எபிசோடில் அவளுடைய பெயரே வராது. நடந்தது எதற்கும் விலை இல்லை என்றால் நான் ஏன் பயப்பட வேண்டும், ஏன் அழ வேண்டும்?

ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷனில் 1990இல் விண்கப்பல் கப்டன் பிக்கார்டை ‘போர்க்’ என்ற இயந்திர மனிதர் கூட்டம் பிடித்துக்கொண்டுபோய் அவரைக் கொண்டே அவருடைய ஆட்களை அழிக்கவைக்கும். மீட்டபிறகு ஒரு எபிசோட். அவர் பிரான்சில் அண்ணன் வீட்டுக்குப் போகிறார், திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் இரண்டு பேரும் கட்டிப் புரளுகிறார்கள், பிறகு மனுசன் குழந்தை மாதிரி அழுகிறார். அருமை. ஆனால் அதற்குப் பிறகு பார்த்தால், அப்படியொன்று நடந்ததாகவே காட்டாமல் நீண்ட காலம் ஓட்டிவிட்டார்கள். அந்தக் காயம் எங்கே போனது?

தி வயர் மாதிரி ஒன்றைத் தனிக்கதையாக எடுக்கவே முடியாது. 60 எபிசோட், ஐந்து சீசன். போலீசும் போதைப்பொருள் வியாபாரமும், பிறகு துறைமுகம், நகரசபை, பள்ளிக்கூடம், பத்திரிகை என்று ஒரு நகரத்தின் வயிற்றையே பிளந்து காட்டினார்கள். நாலாவது சீசனில் வருகிற அந்தப் பள்ளிக்கூடப் பெடியன்களுக்குக் கடைசியில் நடப்பது நெஞ்சை அடைக்கிறதென்றால், அதற்கு முன்னால் மணித்தியாலக்கணக்கில் அவர்களோடு சும்மா இருந்திருக்கிறோம், அதனால்தான்.

ரிமோட் அம்மாவிடம்:
நீங்கள் இரண்டு பேரும் அமெரிக்காவில் நிற்கிறீர்கள். கொழும்பில் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் ஓடுவது வேற சாமான்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எங்கள் வீட்டில் ஒரு சீரியலில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. கரண்ட் போகும்போது மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அடுத்த நாள் அந்த நேரத்துக்குக் கரண்ட் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு வந்தபோது அதே மண்டபம், அதே பட்டுச்சேலை, தாலி இன்னும் அந்தரத்தில் நிற்கிறது, ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று தரம் கமெரா ஓடிப்போய் ஓடிவருகிறது, இடி இடிக்கிறது. அம்மா ஒன்றையும் தவறவிடவில்லை! அவருக்குச் சந்தோசம், எனக்குத்தான் தலையிடி.

இது தொடர்கதை என்றால் கதை தொடரவே இல்லையே. தனிக்கதையும் இல்லை, ஒன்றுமே முடிவதில்லை. கோலங்கள் 2003இல் தொடங்கி 2009இல் முடிந்தது, 1,500 எபிசோடுக்கு மேல். தி வயர் மாதிரி 25 தொடர்.

நைட் ஷிப்ட்:
ரசனை மாறியது என்று யோசிக்காதீர்கள், காசு வரும் வழி மாறியது. அமெரிக்காவில் ஒரு நாடகத்தின் பெரிய இலாபமே மறு ஒளிபரப்பில்தான் இருந்தது. கிட்டத்தட்ட 100 எபிசோட் சேர்ந்தால் ஊர் ஊராக இருக்கிற நிலையங்களுக்கு விற்பார்கள், அவர்கள் அதை நாளுக்கு ஒன்றாக, பல நேரம் ஒழுங்கு மாற்றியும் போடுவார்கள். அப்படி விற்க வேண்டுமென்றால் 57ஆவது எபிசோட் 12ஆவதைப் பார்க்காத ஆளுக்கும் விளங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிழமையும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு முடிப்பார்கள். தம்பி கேட்ட அந்தக் காயம் அங்கேதான் போனது.

1981இல் ஹில் ஸ்ட்ரீட் புளூஸ் வந்து ஒரு எபிசோடில் தொடங்கிய விசயத்தை நாலு எபிசோட் தள்ளி முடித்தபோதே அந்த ஒழுங்கு கொஞ்சம் ஆடிவிட்டது. பிறகு டிவிடி. பிறகு 2013இல் நெட்பிளிக்ஸ் ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ் சீசன் முழுவதையும் ஒரே நாளில் கொட்டியது. இங்கே எங்களுக்கு அந்த மாற்றம் நெட்பிளிக்சுக்கு முதலே வந்துவிட்டது, லிபர்ட்டி பிளாசாப் பக்கத்து டிவிடி கடைகளால். பிரிசன் பிரேக் சீசன் ஒன்றை ஒரே சனி ஞாயிறில் முடித்துவிட்டுத் திங்கட்கிழமை கண் சிவக்க ஒஃபிஸ் போன ஆட்கள் இந்த இழையிலேயே இருப்பீர்கள்.

ஒரு எபிசோடை மட்டும் வாங்கிப் பார்க்கிற ஆள் போய், பெட்டியாக வாங்கிப் பார்க்கிற ஆள் வந்தான். எழுதுகிறவர்களும் பெட்டிக்கு எழுதத் தொடங்கினார்கள்.

காலி வீதி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பெட்டிக்கு எழுதுகிறபோது எபிசோட் என்பது வெறும் வெட்டு. நித்திரை வரும்வரை பார், வந்தால் நிறுத்து.

வத்தளை செட்:
நான் இங்கே தமிழ் நாடகத் தயாரிப்பில் கொஞ்சக் காலம் ஓடித் திரிந்தவன், ஆகவே செட்டுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தனிக்கதை அருமையான விசயம்தான், ஆனால் ஆளைக் கொன்றுவிடும். ஒவ்வொரு கதைக்கும் புது வீடு, புது ஆட்கள், புது உடுப்பு. வத்தளை ஹெந்தலைப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முதல் கதையை முடித்தோம். இரண்டாவது கதைக்கு அதே வீட்டை வேறு வீடு மாதிரிக் காட்ட வேண்டும், காசு இல்லை. திரைச்சீலையை மாற்றினோம், சாமிப்படத்தை எடுத்துவிட்டு மாதா படம் மாட்டினோம், சோபாவைத் திருப்பிப் போட்டோம். எடிட் பண்ணும்போது பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே அதே ஜம்பு மரம், அதே கொடியில் வீட்டுக்காரம்மாவின் அதே நீல நிற நைட்டி. முதல் கதையில் யாழ்ப்பாணம் என்று சொன்ன வீடு அது! சனல்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. காசும் இன்னும் முழுதாகத் தரவில்லை, அது வேற கதை.

நாளாந்த சீரியலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு பெரிய வீடு, மாடிப்படி கட்டாயம், ஒரு குசினி, ஒரு சாமியறை. லைட்டை ஒருக்கால் கட்டிவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே. அதனால்தான் எல்லாப் பாத்திரங்களும் எந்த இரகசியத்தையும் அந்த மாடிப்படியில் நின்றே கதைக்கிறார்கள். ரிமோட் அக்கா அம்மாவைக் கோபிக்க வேண்டாம், அது கதாசிரியர் எடுத்த முடிவு இல்லை, வாடகை எடுத்த முடிவு.

கல்முனை வழி கொழும்பு:
இந்தச் சண்டையை எங்கள் பக்கத்தில் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழா 18 நாள். பாரதப் போர் 18 நாள் என்பதால் அந்தக் கணக்கு, கடைசியில் தீமிதிப்பு. பாரதக் கதை எல்லோருக்கும் தெரியும், யார் சாவார் யார் வெல்வார் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அப்படியிருந்தும் வனவாசம் போகிற அன்றைக்கும், அருச்சுனன் தவநிலை அன்றைக்கும் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு அந்த ஒரு காட்சிதான். அது தன்பாட்டில் நிறைவாக இருக்கும், 18 நாளும் பார்த்தவருக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். பாரதத்தை எழுதினவர்கள் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று மறைத்து வைத்தா ஆட்களைக் கூட்டினார்கள்?

விக்கிரமாதித்தன் வேதாளத்தை எடுங்கள். முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டு நடக்கிறான், அது ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது, பதில் சொன்னதும் திரும்ப மரத்தில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு கதையும் தனி. ஆனால் வேதாளம் ஏன் இதைச் செய்கிறது, அந்த மந்திரவாதி யார் என்ற பெரிய கதை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் அதுவும் முடிகிறது. எக்ஸ் ஃபைல்ஸ் செய்யப் பார்த்து முடியாமல் போனது இதுதான்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
வேதாளக் கதையில் விக்கிரமாதித்தன் மாறுகிறானா? முதல் கதையில் இருந்த அதே ஆள்தான் கடைசியிலும். பிரேக்கிங் பேட் நாடகத்து வோல்டர் வைட் முதல் எபிசோடில் இருந்த ஆளா கடைசியில்? ஒரு மனுசன் கொஞ்சம் கொஞ்சமாக அழுகிப்போவதைக் காட்ட 62 எபிசோட் வேண்டும், அதை ஒரு மணித்தியாலத்தில் காட்டினால் நம்ப மாட்டோம். 2008 முதல் 2013 வரை பிரேக்கிங் பேட் செய்தது அதைத்தான். தனிக்கதைக்குச் சம்பவம் வரும், ஆள் மாற மாட்டான். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட்:
பதில் சொல்கிறேன், ஆனால் உனக்குப் பிடிக்காது. பிரேக்கிங் பேட்டை உண்டாக்கிய வின்ஸ் கில்லிகன் எங்கே எழுதிப் பழகினார்? எக்ஸ் ஃபைல்ஸில். முதலில் அந்தத் தொடரின் இரசிகராக இருந்து, ஒரு தனிக்கதை எழுதி விற்றுத்தான் உள்ளே போனார். 1998இல் ‘டிரைவ்’ என்று ஒரு எபிசோட் எழுதினார். தலைக்குள் ஏதோ அழுத்தம், கார் மேற்குத் திசையில் வேகமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் தலை வெடித்துவிடும் என்ற நிலையில் ஒரு ஆள், பின் சீட்டில் இருந்துகொண்டு முல்டரைப் பிணைக்கைதியாக்கிக் கார் ஓட்டவைக்கிறான். அந்த ஆள் இனத்துவேசம் கக்குகிற, பார்த்தவுடன் வெறுப்பு வருகிற பிறவி. ஆனால் கடைசியில் அவன் சாகும்போது பரிதாபம் வர வேண்டும். நடித்தவர் பிரையன் கிரான்ஸ்டன். பத்து வருடம் கழித்து வோல்டர் வைட்டாக யாரைப் போடுவது என்று கேள்வி வந்தபோது, அந்தச் சனல்காரர்களுக்கு அவர் பகிடி நாடகத்து அப்பா மட்டும்தான். கில்லிகன் ‘டிரைவ்’ எபிசோடைப் போட்டுக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தார்.

ஒரு மணித்தியாலத் தனிக்கதை இல்லாவிட்டால் உன் 62 எபிசோடும் இந்த மாதிரி இருந்திராது.

இன்னொன்று. நீ சொன்ன அந்த பிக்கார்ட் அழுகிற எபிசோடை எழுதின ரொனல்ட் டி. மூர் எப்படி வந்தார்? நெக்ஸ்ட் ஜெனரேஷன்காரர்கள் வெளியாட்கள் அனுப்புகிற கதைகளையும் வாங்கிப் படித்தார்கள், அவர் அப்படி அனுப்பியது 1989இல் ஒளிபரப்பானது. எட்டு எபிசோட் தொடரில் புதியவன் ஒருவன் எங்கே நுழைவான்? எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, ஐந்தாவது எபிசோடுக்கு ஒரு யோசனை என்று வெளியிலிருந்து ஒருவரால் கடிதம் போட முடியுமா?

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அதைக் கேட்டு நான் ஏன் கோபிக்க வேண்டும். பழகினது தனிக்கதையில், சாதித்தது தொடர்கதையில். என் பக்கத்துக்குத்தான் புள்ளி.

காலி வீதி:
அது எப்படி உன் பக்கம்? பிரேக்கிங் பேட்டிலேயே 2010இல் ஈ எபிசோட் இருக்கிறது. செலவைக் குறைக்கிறதுக்காக ஒரே இடத்தில் இரண்டு ஆட்களோடு எடுத்தது. ஒரு ஈயைத் துரத்துகிறார்கள், அவ்வளவுதான். சிலர் சும்மா இடம் நிரப்ப எடுத்தது என்று திட்டினார்கள், எனக்கு முழுத் தொடரிலும் அதுதான் உச்சம். ஏணியில் வோல்டரின் கூட்டாளி ஜெஸ்ஸி ஆடிக்கொண்டு நிற்க, நித்திரைக் கலக்கத்தில் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிற வோல்டர் ஜெஸ்ஸியின் காதலியின் மரணத்தைப் பற்றிச் சொல்லிவிடுவாரோ என்று வயிற்றைக் கலக்கும். முன்னுக்கு நடந்தது தெரிந்தால் இன்னும் கலக்கும், தெரியாவிட்டாலும் ஒரு ஆள் எதையோ மறைக்கிறார் என்று விளங்கும். பாண்டிருப்புக் கணக்கும் இதுதானே.

ரிமோட் அம்மாவிடம்:
எதிர்நீச்சலை நீங்கள் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பரில் திடீரென்று இறந்துபோனார். அவர்தான் அந்த நாடகத்தின் அச்சாணி, சனம் திட்டுவதற்காகவே டிவி போட்டது. கொஞ்ச நாள் அந்தப் பாத்திரத்தை வெளியே எங்கோ போனதாகக் காட்டிச் சமாளித்து, பிறகு வேல ராமமூர்த்தியைக் கொண்டுவந்தார்கள். நாடகம் 2024 நடுப்பகுதி வரை ஓடி முடிந்தது. ஆனால் அந்தச் சூடு திரும்பவே இல்லை. ஒரு ஆளை நம்பிப் பெருங்கதை கட்டினால் இந்த ஆபத்தும் இருக்கிறது, தனிக்கதை என்றால் அடுத்த கிழமை வேறு ஆள் வருவார்.

நைட் ஷிப்ட்:
பாபிலோன் 5 என்ற விண்வெளி நாடகம் இதற்கு நல்ல உதாரணம். ஐந்து வருடக் கதையை முன்கூட்டியே திட்டம் போட்டு எடுத்தது, 110 எபிசோடில் 92ஐ அதை உண்டாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதினார். முதல் சீசனோடு கதாநாயகன் விலக வேண்டி வந்தது. ஸ்ட்ராசின்ஸ்கி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கதையிலிருந்து வெளியேற ஒரு வழி வைத்துத்தான் எழுதியிருந்தார், ஆகவே புது ஆளைக் கொண்டுவந்து ஓட்டினார். ஆனால் ஐந்தாவது சீசன் கிடைக்காதோ என்ற பயத்தில் நாலாவதிலேயே பெரிய யுத்தங்களை எல்லாம் அவசரமாக முடித்துவிட்டார். பிறகு ஐந்தாவதும் கிடைத்தது, சொல்ல மிச்சம் குறைவு. திட்டம் போட்டவருக்கே இந்தக் கதி. லொஸ்ட் நாடகக்காரர்களுக்கு எப்போது முடிப்பது என்பதே தொடக்கத்தில் கையில் இல்லை, 2007இல்தான் 2010இல் முடிப்போம் என்று சனலோடு பேசித் தேதி வாங்கினார்கள். அதற்குள் வேண்டிய அளவு புதிர்களைப் போட்டுவிட்டார்கள்.

வத்தளை செட்:
தமிழில் இதைச் சரியாகச் செய்தது மர்மதேசம். நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து. ரகசியம் ஒரு கதை, விடாது கருப்பு இன்னொரு கதை, ஒவ்வொன்றும் தனி ஊர், தனி ஆட்கள், தனி முடிவு. கிழமைக்கு ஒருநாள்தான் வரும், விடாது கருப்பில் குதிரைச் சத்தம் கேட்டால் நாங்கள் வெளிக்கதவைப் பூட்டுவோம். இப்போது சுழல் மாதிரி எட்டு எபிசோட் தொடர் செய்வதை அவர்கள் தொண்ணூறுகளிலேயே செய்துவிட்டார்கள். மால்குடி டேஸும் அப்படித்தான், பெரும்பாலும் ஒரு எபிசோடுக்கு ஒரு கதை, சுவாமியின் கதை மாதிரிப் பெரிய கதைக்குப் பல எபிசோட் கொடுத்தார் இயக்குநர் சங்கர் நாக். கதைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. இங்கே சிங்களத்தில் 2017இல் ஐடிஎன்னில் வந்த கூம்பியோவைப் பாருங்கள், எங்கள் பெடியன்களே யூடியூபில் தேடிப் பார்த்தார்கள், ஏனென்றால் அதற்கு ஒரு முடிவு இருக்கும் என்று தெரிந்தது.

நான் மனதில் வைத்திருக்கிற ஒன்றைச் சொல்கிறேன், காசுள்ளவர் யாராவது இருந்தால் எடுங்கள். வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடி ஃபிளட். ஆறு எபிசோட். எபிசோடுக்கு ஒரு வீடு, ஒரு குடும்பம், அன்றைக்கே முடிகிற கதை. பிள்ளைகள் எல்லாம் கனடாவில் இருக்க முதல் மாடியில் தனியே இருக்கிற ரிட்டயர்ட் ஸ்டேஷன் மாஸ்டர். மூன்றாம் மாடியில் அறை வாடகைக்கு எடுத்திருக்கிற நாலு பெடியன்கள், அப்படி. பின்னால் ஓடுகிற பெருங்கதை ஒன்றுதான். கட்டினவர் ஒரே வீட்டை இரண்டு பேருக்கு எழுதி விற்றுவிட்டார், யாருடைய வீடு என்று ஒருவருக்கும் தெரியாது.

காலி வீதி:
இதை நான் பார்ப்பேன். எந்த எபிசோடை முதலில் பார்த்தாலும் விளங்க வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
ஆறாவதில் யாருடைய வீடு என்று சொல்லாமல் விட்டீர்கள் என்றால் உங்கள் வத்தளை வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பேன். மற்றது, ஸ்டேஷன் மாஸ்டர் முதல் எபிசோடில் விழுந்து காலை உடைத்தால் ஆறாவதிலும் நொண்ட வேண்டும்.

வத்தளை செட்:
நொண்டுவார், நொண்டுவார். எனக்கு லிஃப்டுக்குள் எடுக்கிற காட்சிகளுக்குத்தான் பயம், கமெராவும் ஆளும் சேர்ந்து நிற்க இடம் இல்லை.

ரிமோட் அம்மாவிடம்:
லிஃப்ட் முதல் எபிசோடிலேயே பழுதாகிவிட்டது என்று எழுதுங்கள், ஆறாவது வரை ஒருவரும் திருத்த வரவில்லை. வெள்ளவத்தை ஆட்கள் உடனே நம்புவார்கள். மாடிப்படியும் கிடைக்குது, இரகசியம் எல்லாம் அங்கேயே கதைக்கலாம்.